கொசுறாக வந்த கொடி ரோஜா

நாற்றுப்பண்ணை உரிமத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று இது: விற்ற கன்று சொன்ன வகையைச் சேர்ந்ததல்ல என்று புகார் வந்தால், உதவி இயக்குநர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், புகார் சரியென்று கண்டால் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். தெளிவான விதி. அரைப்பக்க உத்தரவில் வேலை முடிந்துவிடும். என் பணிக்காலத்தில் அந்த உத்தரவைப் பல பேருக்குப் போட்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் அதற்குத் தகுதியானவர்கள்தான். போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டது ஒரே ஒரு முறை. நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியங்களை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலில் நிற்கும்.

தோட்டக்கலைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைவிட நன்றாக விதிகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நல்லது, தொடர்ந்து செய்யுங்கள். விதி தெரியாதவர் அதை மீறலாம். தள்ளிவைக்க வேண்டுமென்றால் அதைத் தெரிந்தவரால்தான் முடியும்.

புகார் கொடுத்தது தஞ்சாவூர் புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. வாசலிலிருந்து அலுவலகக் கட்டடம் வரை நடைபாதைக்கு மேலே வரிசையாக இரும்பு வளைவுகள் போட்டு, இரண்டு பக்கமும் கொடி ரோஜா நட்டிருந்தார்கள். இரண்டு டஜன் கன்றுகள். கிளைம்பிங் கிரிம்சன் குளோரி என்ற பழைய வகை என்று சொல்லி வாங்கியவை. நட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு செடிகூட வளைவைத் தொடவில்லை. முழங்கால் உயரத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டன. புதர் ரோஜாவைக் கொடி என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்பது புகார். கையெழுத்திட்டவர் கல்லூரியின் செயலாளர். எட்டு இணைப்புகள் வைத்திருந்தார். அரசுக் காகிதத்தில் கண்ணீரைவிட இணைப்புக்கு மதிப்பு அதிகம் என்பதை அறிந்தவர்.

விற்றவர் கஸ்தூரி. மன்னார்குடி சாலையில், குத்தகை வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில் நாற்றுப்பண்ணை நடத்துகிறவர். கணவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். பண்ணையின் மோட்டார் கொட்டகை மேல் ஒரு பழைய கொடி ரோஜா ஏறிக் கிடந்தது. நிலத்தின் முந்தைய சொந்தக்காரர் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்று கேள்வி. கஜா புயலில் கொட்டகை சாய்ந்தபோது கொடியும் அதோடு போய்விட்டது. புயலுக்கு முன்பே அதிலிருந்து ஒட்டுக்கட்டிப் பையில் வளர்த்து வைத்திருந்த கன்றுகள்தான் கல்லூரிக்குப் போயின. தனக்கென்று அவர் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஆக, ஒப்பிட்டுப் பார்க்கத் தாய்ச்செடியும் இல்லை.

துணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நேரடியாகப் பதவிக்கு வந்தவர், என்னைவிட வயதில் இளையவர், வேலையில் சுறுசுறுப்பானவர். உரிமத்தை நிறுத்தும் உத்தரவு ஏற்கனவே தட்டச்சாகி மேசைமேல் இருந்தது.

"நாளைக்குப் போய்ப் பாத்துட்டு, அங்கயே கையெழுத்துப் போட்டுடலாம் மேடம். நானும் வர்றேன். செயலாளர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்."

"பாக்கறதுக்கு முன்னாடியே உத்தரவா சார்?"

"பாத்துட்டுத்தான கையெழுத்து. அதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. நடைமுறைப்படி சரிதான்.

மறுநாள் புரட்டாசி வெயிலில் போய் இறங்கினோம். கல்லூரியின் எஸ்டேட் அலுவலர் மதியழகன் தடித்த கோப்போடு காத்திருந்தார். வளைவுகளின் கீழே செடிகள் உடற்பயிற்சி வகுப்பில் நிறுத்திவைத்த பிள்ளைகள்போல ஒரே உயரத்தில் நின்றன. இயற்கையில் எந்த இரண்டு செடியும் அப்படி நிற்காது. எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

"கவாத்து பண்றீங்களா?" என்று கேட்டேன்.

மதியழகன் கோப்பைத் திறந்தார். உள்ளே எங்கள் துறையின் ரோஜா சாகுபடிக் கையேடு இருந்தது. ஒரு பக்கத்தில் மஞ்சள் மை பூசியிருந்தது. "நாங்க எதையும் சொந்தமா செய்யல மேடம். இதோ பாருங்க. அக்டோபர் மாசம், தரையிலேர்ந்து ஒன்றரை அடி விட்டு மிச்சத்த வெட்டணும். அப்புறம் நீட்டுற கிளையையும் அதே மட்டத்துக்குத் தட்டி விடணும். வருசா வருசம் கான்ட்ராக்டர வச்சு வெட்டியிருக்கோம். ஸ்கேல் வச்சு."

"ஸ்கேல் வச்சா?"

"நீங்க வேணா அளந்து பாருங்க மேடம். ஒரு இஞ்ச் வித்தியாசம் இருக்காது."

அந்த நேரத்தில் கஸ்தூரி டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறிவிட்டு வரிசையைப் பார்த்தார். பேச்சு நிறுத்தாமல் வந்தது.

"கொடியக் கொண்டாந்து குடுத்தா குத்துச்செடியா ஆக்கி வச்சிருக்கீங்களே! வருசா வருசம் காலை வெட்டிட்டு, ஓடல ஓடலன்னா எங்கேர்ந்துங்க ஓடும்?"

"அம்மா, மரியாதையா பேசுங்க" என்றார் துணை இயக்குநர்.

"மரியாதைக்கு என்ன சார் குறைச்சல்? ‘ங்க’ போட்டுத்தான பேசுறேன்."

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வகைக் கொடி ரோஜா கொடியாகவே பிறந்ததல்ல. முதலில் அது புதர் ரோஜாதான். எங்கோ ஒரு தோட்டத்தில், அந்தப் புதரின் ஒரு கிளை மட்டும் திடீரென்று நீண்டு ஓடியிருக்கிறது. அந்தக் கிளையிலிருந்து பெருக்கியதுதான் கொடி. அதனால் கொடிக்குள் புதர் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. இளம் வயதில் ஒட்ட வெட்டினால், சில செடிகள் ஓடுவதையே விட்டுவிட்டுப் புதராகத் திரும்பிவிடும். புதர் ரோஜாவுக்கு அமிர்தமான கவாத்து இதற்கு விஷம். எங்கள் கையேட்டில் இது இல்லை. கையேடு எழுதியவர்கள் ரோஜா என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கலாம். பக்கம் போதாமலும் இருந்திருக்கலாம்.

ஆக, நிலைமை இதுதான். கஸ்தூரி ஏமாற்றுக்காரி என்றால் துறைக்கு நிம்மதி. அவர் ஏமாற்றவில்லை என்றால், செடிகளைக் கெடுத்தது எங்கள் கையேடு. கல்லூரி அதை வரி பிசகாமல் பின்பற்றிய குற்றத்தைத்தான் செய்திருக்கிறது. துணை இயக்குநர் இதை எனக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார் என்பது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்தில் தெரிந்தது. அந்த விஷயத்தில் அவர் கூர்மையானவர்.

"கவாத்தைப் பத்தி இப்ப பேச்சில்ல மேடம்" என்றார். "கொடின்னு வித்தாங்க. ஏறல. அவ்வளவுதான் புகார்."

கஸ்தூரி என்னிடம் திரும்பினார். "மேடம், உரிமத்த நிறுத்தினா ஐப்பசி விற்பனை போச்சு. அது போனாப் போவுது. போலிக் கன்னு விக்கிறவன்னு உங்க ஆபீஸ் போர்டுல பேர் ஒட்டுவீங்களே, அப்புறம் யாரு படி ஏறுவா? எங்க வீட்டுக்காரரு ஏற்கனவே பிளாட் போட்டுடலாம்னு போன்லயே நச்சரிச்சுக்கிட்டிருக்காரு. நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே கல்லு நட்டுடுவாரு."

அவர் மிகைப்படுத்தவில்லை. அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கல் நட்ட வயல்களை நானே பார்த்திருக்கிறேன்.

மதியழகன் இரசீதை நீட்டினார். இருபத்து நான்கு கன்றுகள். கஸ்தூரி அதை எட்டிப் பார்த்து, "இருபத்தஞ்சு குடுத்தேன். பேரம் பேசிப் பேசி இவரு கொசுறு கேட்டாரு, ஒண்ணு குடுத்தேன்" என்றார்.

"ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருபத்து நாலுதான் மேடம்" என்றார் மதியழகன்.

"கொசுறு எப்படிங்க ரெஜிஸ்டர்ல ஏறும்?"

நம் ஊர்ப் பக்கம் கத்தரிக்காய் வாங்கினாலும் கறிவேப்பிலை கொசுறு. கன்று வாங்கினாலும் கன்று கொசுறு. கேட்காமல் வாங்கினால் வாங்கிய மாதிரியே இருக்காது. கணக்கில் வராத அந்த ஒரு செடியைப் பற்றிக் கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது.

"அது எங்க இருக்கு?" என்றேன்.

மதியழகன் யோசித்தார். "ஒண்ணு மிச்சம் இருந்துச்சு மேடம். டிராயிங்ல அதுக்கு இடம் இல்ல. லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி எங்கயாவது நட்டுடுங்கன்னு சொன்னேன்."

"வெட்டினீங்களா?"

"அது எப்படி வெட்டுறது? கான்ட்ராக்ட்லயே இல்லையே!"

காகிதத்தில் இல்லாததால் கத்தியும் அதைத் தேடிப் போகவில்லை. நான் நடக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

மெஸ்ஸின் பின்சுவர் ஓரம், அரிசி களைந்த நீர் ஓடும் சாக்கடைப் பக்கம் அது நின்றது. நின்றது என்பதைவிடக் கிளம்பியிருந்தது என்று சொல்ல வேண்டும். விரல் தடிமனில் நான்கைந்து தண்டுகள் மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு சன்ஷேடைத் தாண்டி மாடிக்கு ஏறியிருந்தன. எங்கும் இலைதான். பூ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

துணை இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். "ஏறியிருக்கு, சரி. பூ எங்க? இது வேர்ச்செடி மேடம். மேல ஒட்டினது செத்துப்போயி, கீழ இருக்கிற காட்டு ரோஜா கிளம்பியிருக்கு."

அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஒட்டு ரோஜாவில் அடியில் வேருக்காக ஒரு முரட்டு ரோஜாவை வைப்போம். மேலே ஒட்டியது செத்தால் அது பேயாக வளரும். நல்ல கொடி என்று நம்பிப் பலர் அதற்குத்தான் வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் எந்தப் பழைய ரோஜாவைப் பார்த்தாலும் முதலில் இந்தச் சந்தேகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டிச் சாவியால் அடிமண்ணைக் கிளறினேன். களிமண்; சாவிதான் வளைந்தது. கஸ்தூரி மடியிலிருந்து ஒட்டுக்கத்தியை எடுத்துக் கொடுத்தார். முட்டிபோல் புடைத்திருந்த ஒட்டுப்பகுதி தெரிந்தது. தண்டுகள் எல்லாம் அதற்கு மேலிருந்தே கிளம்பியிருந்தன. கீழிருந்து ஒன்றும் இல்லை. இலைக்காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், அகலமாக, கரும்பச்சையாக. காட்டு ரோஜாவின் நெருக்கமான பொடி இலை அல்ல.

"மேலே ஒட்டினதுதான் சார் ஓடியிருக்கு."

"கொடின்னு ஒத்துக்கறேன். கிரிம்சன் குளோரின்னு இலைய வச்சா சொல்வீங்க?"

அப்போது மேலே இருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், ரோஜாப் பூவா தேடுறீங்க? பூவெல்லாம் இங்கதான் இருக்கு! கீழேர்ந்து பாத்தா தெரியாது!"

மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் இரண்டு பெண்கள் காய்ந்த துணிகளோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணை இயக்குநர் படியை நோக்கி நகர்ந்தார். மதியழகன் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். "சார், மன்னிக்கணும். லேடீஸ் ஹாஸ்டல். ஜென்ட்ஸ் மேல போகக் கூடாது. ரூல்ஸ்."

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"வார்டன் எழுதிக் குடுத்தாத்தான் சார். அவங்க இன்னிக்கு லீவு."

எனக்கு எல்லா விதிகளின் மேலும் மரியாதை உண்டு. அன்று அந்த விடுதி விதியின் மேல் வந்த மரியாதை தனி. நானும் கஸ்தூரியும் மட்டும் ஏறினோம்.

மேலே கொடி சுவரைத் தாண்டி வந்து, வெயிலில் தண்டு தண்டாகச் சாய்ந்து கிடந்தது. மூன்று பூக்கள். ஒன்று அன்று விரிந்தது, வெல்வெட் துணியின் மடிப்பில் தெரியும் கருஞ்சிவப்பு. பழைய இரண்டும் ஓரம் நீலம் பாரித்திருந்தன. மூன்றும் கழுத்து ஒடிந்ததுபோல் தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

"எப்பவும் இப்படித்தான் மேடம், வாத்தியார்ட்ட திட்டு வாங்கின மாதிரியே இருக்கும்" என்றாள் ஒருத்தி. திருத்துறைப்பூண்டிப் பெண். "ஆனா வாசம் இருக்கே, ரூமுக்குள்ள ஒண்ணு வச்சா போதும்."

"எங்க ஊர்ல உப்புக்காத்துக்கு இதெல்லாம் வராது" என்றாள் மற்றவள், வேதாரண்யத்துக்காரி. "அதனால எனக்குத்தான் முதல் பூன்னு பேசி வச்சிருக்கோம். இது இந்த வாரம் என் முறை மேடம். பறிச்சிடாதீங்க."

"ஆய்வுக்கு ஒண்ணு வேணுமேம்மா."

"ஆய்வுன்னா, திருப்பித் தருவீங்களா?"

கஸ்தூரி சிரிக்கவில்லை. விரிந்த பூவை உள்ளங்கையில் ஏந்தி நிமிர்த்தினார். விட்டதும் அது மறுபடி குனிந்தது. "இதாங்க" என்றார். "கொட்டகை மேல கிடந்தது இதாங்க."

வகையை அடையாளம் காண்பதென்றால் ஒரு குறியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதல்ல. சிவப்பு ரோஜா ஆயிரம் இருக்கிறது. ஆனால் கருஞ்சிவப்பு, முதிர்ந்தால் நீலம் பாரிப்பது, பன்னீரை ஒத்த கனத்த வாசம், பூவின் எடை தாங்காத மெலிந்த கழுத்து, ஒட்டுக்கு மேலிருந்து ஓடும் நீளத்தண்டு ஆகிய ஐந்தும் ஒரே செடியில் சேர்ந்தால் என் மனதில் ஒரு பெயர்தான் வந்தது. உதகையில் பயிற்சிக்குப் போயிருந்தபோது அந்தப் புதர் வகையைத் தினமும் பார்த்துப் பழகியிருந்தேன். அன்று எனக்குச் சந்தேகம் இல்லை. என்னிடம் நிரூபணமும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நாள் உங்களுக்கும் வரும்.

வேதாரண்யத்துப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பூவோடு இறங்கினேன். துணை இயக்குநர் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், இந்தச் செடி பில்லுல இல்ல. புகார் பில்லுல இருக்கிற இருபத்து நாலு செடி மேல. மாதிரி எடுக்கறதுன்னா வித்த சரக்குலேர்ந்துதான் எடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவர் சொன்னது சரி. கொசுறை ஆய்வு மாதிரியாக எடுக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொரு வரி அதே நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆய்வு செய்யும் அலுவலர், காரணங்களைப் பதிவு செய்து, தன் பொறுப்பில், முடிவை ஒரு பயிர்ப்பருவம் வரை தள்ளிவைக்கலாம். யாரும் பயன்படுத்தாத வரி. ‘தன் பொறுப்பில்’ என்ற சொல்லைக் கண்டதும் எல்லோரும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

ஜீப்பின் முன்மூடிமேல் தட்டச்சு உத்தரவை வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். துணை இயக்குநர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்க ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. நாளைக்கு இது தப்புன்னு ஆச்சுன்னா மெமோ உங்களுக்குத்தான். பென்ஷன் பேப்பர் நிலுவையில நிக்கும். நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை. நடைமுறையை நினைவூட்டினார். எனக்கும் அது தெரியும். பூவைப் பற்றி எனக்குப் பயமில்லை. மூன்று வருடம் ஒட்ட வெட்டிய அந்த இருபத்து நான்கில் எத்தனைக்கு ஓடும் நினைவு மிச்சமிருக்கிறது என்பதுதான் பயம். எல்லாமே புதராகத் திரும்பியிருந்தால், பருவம் முடிந்ததும் கஸ்தூரியோடு நானும் சேர்ந்து நிற்க வேண்டும். ஆனால் அன்றே கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரு பொய்யைச் சரியான படிவத்தில் சொன்னவளாகப் பணியை முடித்திருப்பேன். எழுதினேன். பெயர், பதவி, முத்திரை. பங்குனி வரை தவணை.

அந்த வாரமே பூவின் படங்களையும், உலர்த்திய பூவையும், தண்டையும் வைத்து, வகையை உறுதிப்படுத்தித் தரும்படி ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதினேன்.

அக்டோபர் பிறந்ததும் மதியழகன் போன் செய்தார். "மேடம், கவாத்துக்கு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. நீங்க எழுத்து மூலமா குடுத்தாத்தான் நிறுத்த முடியும்." கொடுத்தேன். ஒன்றும் செய்யாமலிருக்கும்படி நான் பணிக்காலத்தில் பிறப்பித்த ஒரே எழுத்துபூர்வமான ஆணை அது. மற்ற இடங்களில் ஆணை இல்லாமலே அது நடந்துகொண்டிருந்தது.

மழை பிடித்தது. நெல்லுக்குப் பிடித்த மண் ரோஜாவுக்குச் சிறை; தண்ணீர் வளைவுகளின் அடியில் தேங்கி நின்றது. கஸ்தூரி இரண்டு ஆட்களோடு வந்து வடிகால் வெட்டினார், பாத்திகளை உயர்த்தி ரைஸ்மில் உமியைக் கலந்தார். புகார் கொடுத்தவர்களின் தோட்டத்தில் அவர் சேற்றில் நின்றதைச் செயலாளர் காரிலிருந்து பார்த்துவிட்டுப் போனார். இலைகளில் கரும்புள்ளி விழுந்து கொட்டியது. ஐப்பசி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வாரா வாரம் நான் போய் நின்று, குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை கஸ்தூரியிடமிருந்து போன். "மேடம், மூணாவது வளைவு! ஒண்ணு கிளம்பிடுச்சு! என் தோள் உசரம்!"

"கட்டாம விட்டுடாதீங்க. காத்துல ஒடிஞ்சிடும்."

"என் தாவணிக் காலத்து ரிப்பனக் கொண்டாந்து கட்டியாச்சு."

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. தண்டை நிமிர்த்தியே விட்டால் நுனியில் மட்டும்தான் பூக்கும். விடுதியில் பூக்கள் மாடியில் ஒளிந்திருந்தது அதனால்தான். வளைத்துப் படுக்க வைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு மொட்டு வரும். மதியழகனே ஏணி போட்டுக் கட்டினார். ஸ்கேலைக் கொண்டுவரவில்லை. மூன்றில் ஒரு பங்கு செடிகள் அசையவே இல்லை. அவை புதராகிவிட்டன, இனி புதர்தான். அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன்.

மாசியில் பூத்தது. துணை இயக்குநரை அழைத்துக்கொண்டு போனேன். செயலாளரும் வந்தார். வளைவுகளின் உச்சியில் இரண்டு பக்கத்துக் கொடிகளும் இன்னும் முழுதாகச் சந்தித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே சிவப்பு இருந்தது, வாசம் வாசலிலேயே வந்து எதிர்கொண்டது. துணை இயக்குநர் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் தலை குனிஞ்சிருக்கே மேடம். கண்காட்சியில இதுக்கு மார்க் குறைப்பாங்களே?"

"குத்துச்செடியில பூத்தா குறைதான் சார். இப்ப பாருங்க, எல்லாப் பூவும் உங்க முகத்தத்தான் பாக்குது."

அவர் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்தார். "ஃபைல முடிச்சிடுங்க" என்றார். கஸ்தூரியைப் பார்த்து, "ஏறாத செடிக்கு மாத்துக் கன்னு குடுக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"குடுக்கலாம் சார். ஆனா கத்திய முதல்ல இவங்ககிட்டேர்ந்து வாங்கி வச்சிடுங்க" என்றார் கஸ்தூரி, மதியழகனைக் காட்டி. மதியழகனும் சிரித்துவிட்டார்.

அடுத்த பதிப்புக் கையேட்டில், கவாத்துப் பகுதியின் முடிவில் ஒரு வரி சேர்ந்தது: கொடி ரோஜாக்களுக்கு இது பொருந்தாது, முதல் சில ஆண்டுகள் வெட்டக் கூடாது. அதைச் சேர்க்கச் சொல்லி மேலே எழுதியவர் துணை இயக்குநர்தான். இதையும் பதிவு செய்ய வேண்டும். வரியின் கீழே யார் பெயரும் இல்லை. என் பெயர் போட்டு வந்த கட்டுரைகள் பல இருக்கின்றன. எதையும் நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையேடு என் அலமாரியில் இருக்கிறது.

கோப்பை முடித்தபோது ஒரு நிபந்தனை மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சி நிலையம் வகையை உறுதி செய்யும் வரை கஸ்தூரி அதைப் பெயர் சொல்லி விற்கலாம். ஆனால் பலகையில் ‘பெயர் உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுத வேண்டும். நியாயமான நிபந்தனை என்பதால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் வாங்க வருகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கத்துச் செம்பருத்தியைத் தூக்கிக்கொண்டு போவதை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். "அப்பன் பேர் தெரியாத பிள்ளைங்கற மாதிரில்ல இருக்கு மேடம்" என்பார் கஸ்தூரி.

நினைவூட்டல்கள் அனுப்பினேன். ஓய்வு பெற்றேன், பென்ஷன் காகிதங்கள் தடையில்லாமல் நகர்ந்தன. எனக்குப் பின் வந்தவரை நச்சரித்து அவரையும் நினைவூட்டல் அனுப்ப வைத்தேன். ஓய்வுபெற்றவர்களுக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது. கஸ்தூரி விடுதிக் கொடியிலிருந்து மொட்டெடுத்து, நன்றாக ஓடும் தண்டு எது என்று பார்த்துப் பார்த்து ஒட்டுக்கட்டினார். சாலையில் பிளாட் கற்கள் அவர் வேலிவரை வந்து நின்றன. உள்ளே வரவில்லை.

ஒரு நாள் எனக்குப் பின் வந்த அலுவலர் கூப்பிட்டார். "மேடம், பதில் வந்திருக்கு. உங்க பதவிப் பேருக்கு." நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். கஸ்தூரி கை கழுவிவிட்டு வந்து, "நீங்களே படிங்க மேடம், இங்கிலீஷ் இருந்தா எனக்கு லேட்டாகும்" என்றார். படித்தேன். அனுப்பப்பட்ட மாதிரியானது கிளைம்பிங் கிரிம்சன் குளோரி வகையே என ஏற்கப்படுகிறது. மேலும், நிலையத்தின் சேகரிப்பில் இருந்த இவ்வகைக் கொடிகள் பட்டுப்போய்விட்டபடியால், உரிமம் பெற்ற பண்ணையாளரிடமிருந்து ஒட்டுக்குச்சிகள் அனுப்பி உதவக் கோரப்படுகிறது.

"யாருகிட்டேர்ந்து?"

"உங்ககிட்டேர்ந்து."

கஸ்தூரி கடிதத்தை வாங்கி, தலைப்பிலிருந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முறையா விண்ணப்பம் போடச் சொல்லுங்க மேடம். உடனே குடுக்கறதா, வரிசையில நிக்கணுமான்னு பாத்துச் சொல்றேன்" என்றார். பிறகு கொட்டகைக்குள் போய்ப் பச்சை பெயிண்டையும் பிரஷையும் எடுத்து வந்தார். பலகையின் முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி, பெயருக்குக் கீழே இருந்த அந்த மூன்று சொற்களின் மேல் இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் பூசினார். அன்று மார்ச் நான்காம் தேதி, புதன்கிழமை.